வாயின்மேல் நான்கு கீற்று: சீனத்தின் சொல்லெழுத்தும் கிழக்காசிய மொழிகளும்



மொழியாசிரியர் ஒருவரின் நினைவாக, அவரிடம் படித்தவர்கள் கூடிச் சேர்த்த பொருளில் நிறுவப்பட்டது இந்த அறக்கட்டளை. மொழி தொடர்பாக எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று பொறுப்பாளர்கள் எனக்கு உரிமை தந்தார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரே ஓர் எழுத்து. சீனத்தில் சொல், பேச்சு என்று பொருள்படும் எழுத்து. சீனர், கொரியர், ஜப்பானியர், வியத்நாமியர் என நான்கு மக்கள் அதைக் கையாண்டார்கள். எழுத்து ஒன்று, அதைப் படித்த வாய்கள் பல. அந்தப் பன்மையைக் காது கொடுத்துக் கேட்டவர்களும் உண்டு. அதற்காகக் குழந்தையைத் தண்டித்தவர்களும் உண்டு. இரண்டு வரலாற்றிலும் இதே எழுத்து நிற்கிறது. அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

முதலில் அதை எழுதிப் பார்ப்போம். தூரிகையை மையில் தோய்த்துத் தாளின் உச்சியில் சாய்வாக ஒரு புள்ளி. அதன்கீழ் இடமிருந்து வலமாக ஒரு நீண்ட கோடு. அதற்கும் கீழே குட்டையாக இரண்டு கோடுகள். அடியில் ஒரு சிறு பெட்டி. பெட்டிக்கு மூன்று இழுப்பு: இடப்பக்கம் இறங்கும் கோடு, மேலே சென்று வலப்பக்கம் மடங்கி இறங்கும் கோடு, அடியை மூடும் கோடு. ஆக ஏழு இழுப்பு. அந்தப் பெட்டியைத் தனியாக எழுதினால் 'வாய்' என்று பொருள். வாயின்மேல் நான்கு கீற்று வைத்தால் சொல். ஜப்பானியக் குழந்தைகள் இதை இரண்டாம் வகுப்பில் கற்கிறார்கள்.

அந்த நான்கு கீற்றும் எதைக் குறிக்கின்றன? இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. சீன எழுத்தின் மிகப் பழைய வடிவங்கள் ஆன்யாங் பகுதியில் கிடைத்த ஆமை ஓடுகளிலும் மாட்டுத் தோள்பட்டை எலும்புகளிலும் உள்ளன. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் சாங் அரசர்கள் குறி கேட்கப் பயன்படுத்தியவை அவை. 1899 வாக்கில்தான் அறிஞர்களின் கவனத்துக்கு வந்தன. அவற்றில் இந்த எழுத்து, வாயிலிருந்து ஏதோ ஒன்று மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. அது நாக்கு என்பது பலரின் கருத்து. ஜப்பானிய அறிஞர் ஷிரகாவா ஷிசுகா (1910–2006) வேறொரு விளக்கம் சொன்னார். கீழே இருப்பது வாயல்ல, தெய்வத்துக்கான வேண்டுதலை இட்டு வைக்கும் கலம். மேலே இருப்பது பச்சை குத்தும் ஊசி. சொன்ன சொல் பொய்யானால் உடம்பில் குற்றக்குறி குத்திக்கொள்ளச் சம்மதம் என்று தெய்வத்தின்முன் செய்த சத்தியமே இந்த எழுத்து. எல்லாரும் இதை ஏற்கவில்லை. நானும் நாக்கு என்னும் பக்கமே சாய்கிறேன். ஆனால் ஷிரகாவாவைப் படித்தபின் அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஊசியும் நினைவுக்கு வருகிறது.

இந்த எழுத்து தனித்து நிற்பதைவிட மற்ற எழுத்துகளுக்குள் உறுப்பாக நிற்பதே அதிகம். சீன எழுத்துகளில் பெரும்பாலானவை இரண்டு பகுதி கொண்டவை. ஒன்று பொருளுக்குத் துப்பு, மற்றது ஒலிக்குத் துப்பு. சொல்லெழுத்தை இடப்பக்கம் வைத்தால், வாயோடு தொடர்புள்ள ஏதோ ஒன்று என்று கண்டுகொள்ளலாம். பேசுதல், கேள்வி கேட்டு வாதிடல், கவிதை, நன்றி, வேண்டுகோள், வாக்குறுதி, மொழிபெயர்ப்பு, புரளி, பொய், பிழை எல்லாம் இந்தக் குடும்பம். கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் தொகுத்த 'ஷுவோவென் ஜியேட்ஸு' என்னும் அகராதி ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளை 540 தலைப்புகளின்கீழ் பிரித்தது. 1716-இல் வெளிவந்த காங்சி அகராதி நாற்பத்தேழாயிரம் எழுத்துகளை 214 தலைப்புகளுக்குள் அடக்கியது. அதில் சொல்லெழுத்து 149-ஆம் தலைப்பு. இன்றும் கிழக்காசியாவின் எழுத்தகராதிகள் பல இந்த எண்வரிசையைப் பின்பற்றுகின்றன.

இந்தக் குடும்பத்தில் இரண்டு எழுத்துகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒன்று, மனிதனுக்குப் பக்கத்தில் சொல் நிற்கும் எழுத்து. அதன் பொருள் நம்பிக்கை, வாய்மை. மனிதப் பகுதி ஒலிக்காகவும் சேர்ந்திருக்கலாம் என்பர். ஆனால் ஷூ ஷென் முதலாகப் படித்தவர்கள் அதை மனிதனும் அவன் சொல்லும் சேர்ந்த எழுத்தாகவே கண்டார்கள். சீனத்தில் 'ஷின்' என்னும் இதற்குக் கடிதம் என்ற பொருளும் உண்டு. வியத்நாமில் 'தின்' என்று ஒலித்துச் செய்தி என்றும் பொருள் தருகிறது. சீனர்களின் கைப்பேசிகளில் இருக்கும் 'வெய்ஷின்' செயலியின் பெயரில் உள்ள 'ஷின்'-ம் இதுவே.

மற்றொன்று சிறையைக் குறிக்கும் எழுத்து. இடப்பக்கம் ஒரு நாய், வலப்பக்கம் ஒரு நாய், நடுவில் சொல். இரு நாய்களும் காவலுக்கு என்றார் ஷூ ஷென். வழக்காடுவதும் அடைத்துவைப்பதும் ஒரே எழுத்தில் கூடியிருக்கின்றன. எழுதியதற்காகத் தண்டிப்பதைச் சீன வரலாற்றில் 'எழுத்துச் சிறை' என்றே சொல்வார்கள். அதற்கு ஓர் எடுத்துக்காட்டு நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. ஜியாங்சி மாகாணத்தைச் சேர்ந்த வாங் ஷிஹோவ் என்னும் அறிஞர், காங்சி அகராதியில் எழுத்துகளைத் தேடிப் பிடிப்பது மாணவர்களுக்குச் சிரமமாக இருக்கிறது என்று கருதினார். பொருள் வாரியாக எழுத்துகளைக் கோத்து எளிய அகராதி ஒன்றைச் செய்தார். அரச குடும்பத்தின் ஆணையில் உருவான அகராதியில் குறை சொன்னார் என்று உள்ளூர்க்காரர் ஒருவர் புகார் கொடுத்தார். மாகாண ஆளுநர் வாங்கின் தேர்வுப் பட்டத்தைப் பறித்தால் போதும் என்று பரிந்துரைத்தார். ஆனால் சியென்லொங் பேரரசர் நூலைத் தாமே புரட்டினார். எழுதக்கூடாத பெயர்கள் எவை என்று மாணவர்களுக்கு எச்சரிக்க, கன்ஃபூஷியஸ் பெயரையும் மூன்று பேரரசர்களின் இயற்பெயர்களையும் முழுமையாக அச்சிட்டிருந்தார் வாங். 1777-இல் அவருக்கு மரண தண்டனை. நூலும் அச்சுப் பலகைகளும் அழிக்கப்பட்டன. மாணவர்களுக்கு உதவ அகராதி செய்த மனிதர் அகராதியாலேயே உயிரிழந்தார் என்பதை எண்ணும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

இனி ஒலிக்கு வருவோம். பீஜிங் பேச்சில் இந்த எழுத்து 'யென்'. கான்டனீஸில் 'யின்'. ஹொக்கியனில் 'கியென்', முதல் ககரத்தைக் கங்கையின் ககரம்போல் சொல்ல வேண்டும். ஜப்பானியத்தில் 'கென்', 'கொன்' என இரண்டு; அங்கும் கங்கையின் ககரமே. கொரியத்தில் அன், ஒன் இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் ஒலி. வியத்நாமில் 'ஙோன்'. தமிழில் சொல்லின் முதலில் வர அரிதான அதே ஙகரம். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சீனத்தில் இந்தச் சொல் ஙகரத்தில்தான் தொடங்கியது என்று மொழியியலார் மீட்டுருவாக்கியிருக்கிறார்கள். பீஜிங்கில் தேய்ந்து மறைந்த ஒலி ஹனோயில் இன்னும் ஒலிக்கிறது.

ஜப்பானியத்துக்கு ஏன் இரண்டு ஒலிப்பு? எழுத்து இரண்டு முறை கடல் கடந்தது. 'கொன்' முதலில் வந்தது. தென்சீனத்தின் உச்சரிப்போடு பௌத்த நூல்கள் வழியாக. 'கென்' பின்னால், தாங் அரசமரபின் தலைநகரான சாங்ஆனுக்குப் போய்ப் படித்தவர்கள் கொண்டுவந்தது. மொழியைக் குறிக்கும் 'கெங்கோ'வில் பிந்தியது இருக்கிறது. உயிலைக் குறிக்கும் 'யுயிகொன்' என்ற சொல்லில் முந்தியது. அது மட்டுமா? தன் தாய்மொழிச் சொற்களையும் அதே எழுத்தின்மேல் ஏற்றினான் ஜப்பானியன். சொல்லுதல் என்னும் 'இயு', சொல் என்னும் 'கொதோ' இரண்டையும் இந்த எழுத்தால் எழுதுகிறான். 'கொதோ' என்பதற்குப் பழைய ஜப்பானியத்தில் நிகழ்ச்சி, பொருள் என்றும் அர்த்தம் உண்டு. சொல்லுக்குள் ஆவி குடியிருக்கிறது, சொன்னது நடக்கும் என்னும் 'கொதொதமா' நம்பிக்கைக்கு அந்த இரட்டைப் பொருள் துணை நின்றது. எட்டாம் நூற்றாண்டின் 'மன்யோஷூ' பாடல்களில் சொல்லுக்கான எழுத்தும் நிகழ்ச்சிக்கான எழுத்தும் ஒன்றுக்கொன்று மாறி வருவதைக் காணலாம்.

கொரியர்கள் எழுத்தைக் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் கொரியப் பொருளைச் சொல்லி அடுத்துச் சீன ஒலியைச் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்ததே எழுத்தின் பெயர். இந்த எழுத்துக்குப் பொருளாகச் சொல்லும் கொரியச் சொல் 'மல்ஸும்'. பெரியவர்களின் பேச்சைக் குறிக்கும் மரியாதைச் சொல் அது.

பௌத்தத்தைச் சொன்னேன். அங்கே நம் மண்ணுக்கு ஒரு தொடர்பு உண்டு. 'மந்திரம்' என்ற வடசொல்லைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் 'மெய்ச்சொல்' என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளால் எழுதினார்கள். இரண்டாவது நம் எழுத்து. ஜப்பானில் அதுவே 'ஷிங்கொன்' என்னும் பௌத்த மரபின் பெயர். அதை நிறுவிய கூக்கய் 804-இல் சீனம் சென்றார், 806-இல் திரும்பினார். சாங்ஆனில் அவருக்குக் குரு ஹுய்குவோ. ஹுய்குவோவின் குரு அமோகவஜ்ரர். அவருடைய குரு வஜ்ரபோதி, தென்னிந்தியாவிலிருந்து இலங்கை வழியாகக் கடல் கடந்து 720 வாக்கில் தாங் நாட்டுக்குப் போனவர். காஞ்சிப் பல்லவரோடு அவருக்கிருந்த தொடர்பைச் சீனத்தில் எழுதப்பட்ட அவருடைய வரலாறுகள் பேசுகின்றன. ஜப்பானில் ஷிங்கொன் மரபின் கோயா மலையில் இன்று ஓதப்படும் மெய்ச்சொல்லின் குருபரம்பரையில் தெற்கிலிருந்து கப்பலேறிய ஒருவர் இருக்கிறார் என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டும்.

வாய் பலவாக இருந்தும் எழுத்து ஒன்றாக இருந்ததால் கிழக்காசியாவில் ஓர் அருமையான வழக்கம் பிறந்தது. சீனத்தில் 'பிதான்', கொரியத்தில் 'பில்தாம்', ஜப்பானியத்தில் 'ஹித்ஸுதன்', வியத்நாமில் 'புத் தாம்': தூரிகை உரையாடல். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாத இருவர் எதிரெதிரே அமர்ந்து, தாளில் செவ்வியல் சீனத்தில் எழுதி எழுதியே பேசிக்கொள்வார்கள். கொரியத் தூதர் யி சூக்வாங்கும் வியத்நாமியத் தூதர் ஃபுங் காக் குவானும் 1597-இல் பீஜிங்கில் சந்தித்தபோது இப்படித்தான் கவிதை பரிமாறிக்கொண்டார்கள். 1905-இல் வியத்நாமிய விடுதலைப் போராளி ஃபான் போய் சாவ் ஜப்பானுக்குப் போய் யொகொஹாமாவில் சீன அறிஞர் லியாங் சிச்சாவைச் சந்தித்தார். பிரெஞ்சு ஆட்சியை எப்படி எதிர்ப்பது என்பதைத் தூரிகையாலேயே பேசினார்கள். ஒருவர் தன் வாயை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. மற்றவர் தன் வாயை மேலானது என்று சொல்லவும் இல்லை. கிழக்காசியா இந்த எழுத்தைக் கொண்டு செய்த பெருஞ்செயல்களில் இதை நான் முதலில் வைப்பேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலை நாட்டுப் பொருள்கள் வந்து இறங்கியபோது அந்தப் பொது எழுத்து மறுபடி கைகொடுத்தது. தொலைபேசிக்கு ஜப்பானியர்கள் மின்சாரத்தையும் பேச்சையும் சேர்த்து 'தென்வா' என்றார்கள். ஷாங்ஹாயில் முதலில் ஆங்கில ஒலியை அப்படியே 'தெலூஃபெங்' என்று எழுதிவந்தார்கள். பிறகு ஜப்பானியர் செய்த சொல்லே 'தியென்ஹுவா' ஆகி நிலைத்தது. கொரியத்தில் 'ஜொன்ஹுவா', வியத்நாமில் 'தியென் தோவாய்'. அந்த 'வா', 'ஹுவா', 'தோவாய்' எல்லாம் சொல்லெழுத்தை இடப்பக்கம் கொண்ட ஒரே எழுத்து. வலப்பக்கத்தில் இருப்பது நாக்கு. பிரகடனம் என்ற சொல்லும் அப்படியே. 1919 மார்ச் 1 அன்று ஜப்பானிய ஆட்சிக்கு எதிராக 33 பேர் கையொப்பமிட்டுச் சியோலில் வெளியிட்ட விடுதலை அறிக்கை 'சொனொன்'. 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயின் பாதிங் சதுக்கத்தில் ஹோ சி மின் படித்தது 'துயென் ஙோன்'. மக்களிடமே இறையாண்மை இருக்கிறது என்று ஜப்பானின் போருக்குப் பிந்தைய அரசியலமைப்பு தன் முகவுரையில் அறிவிப்பதும் அதே சொல்லால், 'செங்கென்'. மூன்றும் வெவ்வேறு மக்களின் குரல். மூன்றிலும் இந்த எழுத்து.

இப்போது என் பேச்சின் கடினமான பகுதிக்கு வருகிறேன்.

இடம் என்னும் எழுத்தையும் சொல்லையும் சேர்த்தால் வட்டார வழக்கு. சீனத்தில் 'ஃபாங்யென்', ஜப்பானியத்தில் 'ஹோகென்'. இது முதலில் ஒரு நூலின் பெயர். எழுதியவர் யாங் ஷியோங் (கி.மு. 53 – கி.பி. 18). அவர் சாங்ஆன் நகரில் சிறிய பதவியில் இருந்தார். வெளி மாகாணங்களிலிருந்து கணக்கு ஒப்படைக்க வந்த எழுத்தர்களையும் காவல்பணிக்கு வந்த வீரர்களையும் தேடிப் போவார். கையில் தூரிகை, எண்ணெய் பூசிய நான்கடிப் பட்டுத்துணி. உங்கள் ஊரில் இதை என்ன சொல்வார்கள் என்று கேட்பார், துணியில் குறித்துக்கொள்வார், வீட்டுக்குப் போய் ஒப்பிட்டு எழுதுவார். இருபத்தேழு ஆண்டு இப்படிச் செய்ததாக அவரே கடிதம் ஒன்றில் சொல்கிறார். பேரரசின் தலைநகரில் இருந்துகொண்டு, சாதாரண வீரன் வாயிலிருந்து வந்த சொல்லையும் மதித்து எழுதிய மனிதர்.

அதே இரண்டு எழுத்துகள் ஓகினாவாவில் மரப்பலகையில் ஏறின. 'ஹோகென் ஃபுதா', வட்டார வழக்குப் பலகை. ஓகினாவா உள்ளிட்ட ரியூக்யூ தீவுகளை ஜப்பான் 1879-இல் தன்னோடு இணைத்துக்கொண்டது. பள்ளிகளில் ஜப்பானியம் மட்டுமே பேச வேண்டும் என்றானது. வீட்டு மொழி வாயில் வந்துவிட்ட குழந்தையின் கழுத்தில் கயிற்றில் கோத்த பலகையை மாட்டினார்கள். அந்தக் குழந்தை அதை இறக்கிவைக்க வேண்டுமானால், இன்னொரு குழந்தை வீட்டு மொழியில் பேசுவதைக் கண்டுபிடித்து அதன் கழுத்துக்கு மாற்ற வேண்டும். நாள் முடிவில் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத் தண்டனை. கொடுமை அந்தப் பலகையின் கனத்தில் இல்லை. தோழனின் வாயைத் தோழனே உளவு பார்க்கும்படி செய்ததில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் சில பள்ளிகளில் அது தொடர்ந்தது. யாங் ஷியோங் தேடித் தேடிக் கேட்ட சொல்லைப் பிள்ளையின் கழுத்தில் குற்றமாகத் தொங்கவிட்டார்கள்.

இதற்குப் பின்னால் இருந்த கருத்து 'கொகுகோ', தேசமொழி. ஜெர்மனியில் படித்துத் திரும்பிய உவேதா கசுதொஷி 1894-இல், சீனாவோடு போர் நடந்துகொண்டிருந்த வேளையில், தேசமொழி பற்றி ஆற்றிய சொற்பொழிவில் மொழியை மக்களின் குருதியோடு ஒப்பிட்டார். அதே சொல் மற்ற நாடுகளிலும் வழங்கியது. சீனாவில் 'குவோயு', கொரியாவில் 'குகோ'. வியத்நாமில் 'குவோக் ஙூ' என்பது பாதிரியார்கள் பதினேழாம் நூற்றாண்டில் உருவாக்கிய இலத்தீன் எழுத்துமுறைக்கே பெயராகி, சீன எழுத்து அங்கே வழக்கொழிந்தது. மக்கள் சீனம் 1955-இல் 'குவோயு'வைக் கைவிட்டுப் பொதுப்பேச்சு என்று பொருள்படும் 'புதோங்ஹுவா' என்னும் பெயரை ஏற்றது. நாட்டில் பல தேசிய இனங்கள் இருக்கையில் ஒன்றன் மொழியை மட்டும் தேசமொழி என்பது தகாது என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது. அதன்பின் எளிமைப்படுத்தப்பட்ட எழுத்தில், இடப்பக்கம் உறுப்பாக நிற்கும் சொல்லெழுத்து ஏழு இழுப்பிலிருந்து இரண்டாகச் சுருங்கியது. சிங்கப்பூரிலும் அந்த வடிவமே. நம் தமிழும் பக்கத்தில் நிற்கும் நான்கு மொழிப் பலகைகளில் அதைப் பார்க்கலாம். 1979-இல் அங்கே மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியபோது ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ் எல்லாம் 'ஃபாங்யென்' என்ற ஒரே பெயரில் பின்னுக்குப் போயின. இன்று பேரப்பிள்ளைகள் பலர் பாட்டியின் பேச்சைத் தொடர முடியாமல் நிற்கிறார்கள்.

கொரியாவில் நடந்தது இன்னும் கடுமை. ஜப்பானிய ஆட்சியில் 'கொகுகோ' என்றால் ஜப்பானியம்; 1938-இலிருந்து கொரிய மொழி பள்ளியில் விருப்பப் பாடமானது. 1929 முதலே கொரிய மொழியறிஞர்கள் ஓர் அகராதிக்காகச் சொல் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 'ஹங்குல்' இதழில் அறிவிப்புச் செய்து, விடுமுறைக்கு ஊர் போகும் மாணவர்களிடமும் வாசகர்களிடமும் வட்டாரச் சொற்களைக் கேட்டு வாங்கினார்கள். யாங் ஷியோங் ஒருவராகச் செய்ததை அவர்கள் ஊர் கூடிச் செய்தார்கள். 1942-இல் ஹம்ஹுங் நகர மாணவி ஒருவரின் நாட்குறிப்பு போலீஸ் கையில் சிக்கியது. தேசமொழி பேசியதற்காக ஆசிரியர் கண்டித்தார் என்பதுபோன்ற ஒரு வரி அதில் இருந்ததாக வழக்கின் வரலாறு சொல்கிறது. தேசமொழி என்றால் எது என்று போலீஸ் துருவியது. விசாரணை பழைய ஆசிரியர் ஒருவரிடம் போய் நின்றது. அவர் அப்போது அகராதிப் பணியில் இருந்தார். அகராதி செய்த அறிஞர்களின் மொழிச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் வரிசையாகக் கைதானார்கள். அவர்களில் யி யுன்ஜே 1943 டிசம்பரிலும் ஹான் ஜிங் 1944 பிப்ரவரியிலும் சிறையில் இறந்தார்கள். 26,000 தாளுக்கும் மேற்பட்ட கைப்பிரதி சாட்சியப் பொருளாகப் பறிமுதலானது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனபோது அதுவும் சியோலுக்கு அனுப்பப்பட்டு, நடுவில் காணாமல் போனது.

போர் முடிந்தது. 1945 செப்டம்பர் 8 அன்று சியோல் ரயில் நிலையச் சரக்குக் கிடங்கில் பெட்டிகளுக்கிடையே அந்தக் கைப்பிரதி அகப்பட்டது. சிறையிலிருந்து வந்தவர்கள் மறுபடி உட்கார்ந்து திருத்தினார்கள். 1947 அக்டோபர் 9, கொரிய எழுத்தைக் கொண்டாடும் ஹங்குல் நாளன்று முதல் தொகுதி வெளிவந்தது. ஆறாவதும் கடைசியுமான தொகுதி 1957-இல். முதல் தொகுதியின் பெயர் 'ஜொசொன்மல் குன் சஜொன்', கொரியப் பேச்சின் பேரகராதி. பேச்சுக்கு அவர்கள் அங்கே சீனத்திலிருந்து வந்த எந்தச் சொல்லையும் எடுக்கவில்லை. வீட்டில் வழங்கும் 'மல்' என்ற கொரியச் சொல்லையே வைத்தார்கள்.